கலர் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பழைய சைக்கிளுக்கு வீட்டிலேயே ஒரே மதியத்தில் பெயின்ட் அடித்துவிடலாம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். பிடித்த நிறத்தில் இரண்டு ஸ்ப்ரே கேன், ஒரு உப்புத்தாள், மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி, இவ்வளவு போதும் என்று எழுதியிருந்தது. படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் கிட்டத்தட்ட இதையேதான். அதைச் சரிசெய்ய அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமிருந்த நீல எனாமல் டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. ஃபிரேமைக் கழற்றி, மேலோட்டமாகத் தேய்த்து, பிரஷ்ஷால் இரண்டு கோட்டு அடித்தேன். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. பளபளப்பு போதவில்லையே என்று ஒரு கிளியர் ஸ்ப்ரே (நிறமில்லாத மேல்பூச்சு) வாங்கி வந்து மேலே அடித்தேன். அடித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், மேல்குழாயின் நடுவில் சின்னதாக ஒரு சுழிவு தெரிந்தது. தூசி விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்க்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு பக்கமும் ஓடுகிறது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்கியிருக்குமே, அந்த மாதிரி குழாய் முழுக்கச் சுருங்கிப்போனது. விரலால் தொட்டால் நீலம் அப்படியே தோலாக உரிந்து கையோடு வருகிறது. ரொம்பச் சோர்ந்துபோனேன்.

கேனில் குறை இல்லை, எனாமலிலும் குறை இல்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்ததுதான் தப்பு. சிந்தெடிக் எனாமல் என்று நாம் சொல்வது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை உள்வாங்கி, மெதுவாக இறுகும் வகை. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மேலே வீரியமான தின்னர் உள்ள லேக்கர் (தின்னர் ஆவியானாலே காய்ந்துவிடும் வகை, என் கிளியர் ஸ்ப்ரே அதுதான்) விழுந்தால், அரைகுறையாக இறுகிய படலம் அந்தத் தின்னரைக் குடித்து உப்பி, இடம் போதாமல் சுருங்கிவிடும். மாற்றிச் செய்திருந்தால், அதாவது நன்றாகக் காய்ந்த லேக்கரின் மேல் எனாமல் அடித்திருந்தால், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வீரியமான தின்னர் கீழ்க்கோட்டில் இருக்கலாம், மேலே வரக்கூடாது. இந்த ஒரு விஷயம் உங்கள் குறிப்பில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

குறிப்பில் முதல் வரியே ‘உங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்றுதான் ஆரம்பித்தது. எனக்கு அங்கேதான் உறுத்தியது. நிறம் கடைசியில் வரவேண்டியது. ஃபிரேம் என்ன உலோகம், இப்போது மேலே இருப்பது என்ன பெயின்ட், அதை முழுக்க எடுக்கப்போகிறோமா இல்லையா, எத்தனை நாள் காத்திருக்க முடியும், அடிக்கும் இடத்தில் காற்று போக வழி உண்டா, இதையெல்லாம் முடிவு செய்த பிறகு, உலோகத்தில் முதலில் அடிக்கும் பிரைமரிலிருந்து கிளியர் வரைக்கும் ஒன்றோடொன்று சேரக்கூடியதாக வாங்க வேண்டும். முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்கிவிடுவது நல்லது. அந்த வரிசையில் என்னென்ன நிறம் இருக்கிறதோ அதிலிருந்து ஒன்று.

உலோகம் என்னவென்று தெரியாவிட்டால் ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, அதாவது ஸ்டீல். ஒட்டாமல், குழாய்கள் தடியாக, வெல்டிங் தழும்பு வரிவரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அலுமினியம். காந்தமும் ஒட்டாமல், தட்டினால் உலோகச் சத்தமும் வராமல் மொத்தென்று கேட்டால் அது கார்பன், அதாவது பிசினில் இறுக்கிய கார்பன் நார். கார்பனாக இருந்தால் அதில் வீட்டில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பெயின்ட் எங்கே முடிகிறது, பிசின் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேய்க்கிற கைக்குத் தெரியாது. நாரை அறுத்துவிட்டால் ஃபிரேமின் பலமே போய்விடும், பெயின்ட் உரிக்கிற திரவமோ அந்தப் பிசினையும் சேர்த்துத் தின்றுவிடும். அதோடு அந்தக் கறுப்புத் தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. குரோம் பூசிய பாகம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். குரோமின் மேல் பெயின்ட் பிடிக்காது, இன்னும் எத்தனையோ வருஷம் அது குரோமாகவே இருந்துவிட்டுப் போகும்.

அடுத்தது பழைய பெயின்ட். இது என்ன வகை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பி.பி.க்கு (பெடல் அச்சு உட்காரும் கூடு) அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துணியில் கொஞ்சம் என்.சி. தின்னரோ (லேக்கரை இளக்கும் வீரியமான தின்னர்) அசிட்டோனோ நனைத்து அரை நிமிஷம் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் இறங்கினால் அது லேக்கர் அல்லது சாதாரண ஸ்ப்ரே. சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் கம்பெனியில் சூடேற்றி இறுக்கிய பெயின்ட் அல்லது ஹார்டனர் (கலந்தால் இறுகவைக்கும் பொருள்) சேர்த்த பெயின்ட். கடைசி வகையாக இருந்து, துருவும் உதிர்வும் இல்லாமல் நன்றாக ஒட்டிக்கொண்டும் இருந்தால், அதை உரித்துத் தள்ளுவது வீண் வேலை. 320 அல்லது 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசு) பளபளப்பு முழுக்கப் போகிற அளவுக்குத் தேய்த்தால் போதும், கம்பெனியில் போட்ட அடித்தளத்தை விட நல்ல அடித்தளத்தை நம்மால் வீட்டில் உண்டாக்க முடியாது. எல்லாரும் ‘வெறும் உலோகம் தெரியும் வரை’ என்று ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. உலோகம் தெரிகிற இடமெல்லாம் நாளைக்குத் துரு பிடிக்கக்கூடிய இடம்தான்.

முழுக்க உரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு வழி: தேய்ப்பது, அல்லது பெயின்ட் ரிமூவர் போடுவது. ரிமூவர் வாங்கும்போது டப்பாவின் பின்னால் டைகுளோரோமீத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் ஒரே பொருள்தான். வேலை பிரமாதமாகச் செய்யும், ஆனால் மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து ஆட்கள் இறந்தே போயிருக்கிறார்கள். உடம்புக்குள் போய் அது கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவரில் இதை 2019-இல் தடை செய்துவிட்டார்கள், ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே செய்துவிட்டது. அது இல்லாத ரிமூவர்கள் மெதுவாக வேலை செய்யும். பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சில மணி நேரம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். காஸ்டிக் சோடா கலந்தது எதையும் அலுமினியத்தில் போடாதீர்கள், அது பெயின்ட்டோடு அலுமினியத்தையும் அரிக்கும்.

தேய்ப்பதாக இருந்தால் ஈரத்தோடு தேயுங்கள். பழைய சைக்கிள்களின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயின்ட்டில் ஈயம் கலந்த நிறமி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உலர்ந்த தூளாகப் பறந்தால் வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்குத்தான் முதலில் கேடு. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அது சேறாகக் கீழே இறங்கும், துடைத்து எடுத்துவிடலாம். தாளின் நம்பரை ஒரேயடியாகத் தாண்டாதீர்கள். 80-இல் உரித்துவிட்டு நேராக 400-க்குப் போனால் முதல் தாளின் கீறல்கள் அப்படியே இருக்கும், பிரைமர் அடித்தால் தெரியாது, நிறம் அடித்தாலும் தெரியாது, கிளியர் அடித்துப் பளபளத்ததும் அத்தனையும் எழுந்து நிற்கும். 80, 120, 220, 320 என்று படிப்படியாக வாருங்கள். அலுமினியத்தில் இரும்பு நார்ச் சுருளைப் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், அந்த இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு அரிப்பை உண்டாக்கும்.

துரு இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளங்களில் மிஞ்சுவதற்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள திரவங்கள் கிடைக்கின்றன. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். ஆனால் வேலை முடிந்ததும் மிச்ச அமிலத்தை டப்பாவில் சொல்லியிருக்கிறபடி கழுவி, உடனே நன்றாக உலர்த்துங்கள். அமிலம் தங்கிவிட்டால் மேலே வரும் பிரைமர் பிடிக்காது, தண்ணீர் தங்கிவிட்டால் சீக்கிரமே மறுபடி செம்மண் நிறம் தட்டும். ஸ்டீல் குழாயின் உட்புறத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள், ஃபிரேம் உள்ளிருந்துதான் முதலில் சாகும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் விட்டு, திருப்பித் திருப்பி எல்லா இடமும் நனைத்து, வடியவிட்டால் உள்ளே ஒரு படலம் உண்டாகும். பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்யுங்கள், முன்னால் செய்தால் எண்ணெய் கசிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். அந்த எண்ணெயைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது காயும்போது சூடு உண்டாகி, தானே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துத் தொங்கவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

இனி பிரைமர். கடையில் போய் ‘பிரைமர் கொடுங்கள்’ என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு கடையில் ரெட் ஆக்சைடைக் கொடுத்தார்கள், நான் வைத்திருந்ததோ அலுமினிய ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. அதுவும் பெரும்பாலும் எனாமல் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் மேல் எனாமல்தான் நிம்மதியாக உட்காரும், வீரியமான ஸ்ப்ரேக்கள் அடித்தால் என் நீல ஃபிரேமின் கதைதான். அலுமினியத்தைத் தேய்த்த சில நிமிஷங்களிலேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் வந்துவிடும், சாதாரண பிரைமர் அதில் வழுக்கிக்கொண்டு உட்காரும், பிறகு செதில் செதிலாகக் கழலும். அதற்கு எட்ச் பிரைமர் என்று தனியாக இருக்கிறது, அதிலிருக்கும் கொஞ்சம் அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மெல்லிசாக, அடியில் உலோகம் லேசாகத் தெரிகிற மாதிரி அடித்தால் போதும். கெட்டியாக அடித்தால் அமிலம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எபாக்சி பிரைமர் வேறு ஜாதி. இரண்டு டப்பா, கலந்து அடிக்க வேண்டும். ஒட்டும் பலத்திலும், தண்ணீரை உள்ளே விடாததிலும் எனக்குத் தெரிந்து வீட்டில் கையாளக்கூடியவற்றில் இதற்கு மேல் எதுவும் இல்லை. இரும்பு, அலுமினியம் இரண்டிலும் பிடிக்கும். பிரஷ்ஷாலேயே அடிக்கக் கூடியவையும் உண்டு. அப்போ எட்ச் பிரைமர் ஒரு கோட்டு, அதன் மேல் எபாக்சி ஒரு கோட்டு, இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கூடாது. எட்ச் பிரைமரின் அமிலம் எபாக்சி இறுகுவதைக் கெடுக்கும் என்பதால், வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே பலர் எழுதியிருக்கிறார்கள். பள்ளம் அடைக்கும் பாலியெஸ்டர் பட்டியும் அப்படித்தான், எட்ச் பிரைமர் மேல் வைத்தால் நிற்காது. நல்ல பொருள் இரண்டைச் சேர்த்தால் இன்னும் நல்லது கிடைக்கும் என்ற கணக்கு பெயின்ட்டில் செல்லாது. ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி ஒரு தகவல் தாள் வெளியிடும், எதன் மேல் அடிக்கலாம், எது மேலே வரலாம், எத்தனை மணி நேரம் கழித்து என்றெல்லாம் இரண்டு பக்கத்தில் இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட அதை நம்புங்கள்.

அந்தத் தாளிலும் கேனின் முதுகிலும் ‘1 மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரம் கழித்து’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். எழுத்துப் பொடிசு என்பதால் யாரும் படிப்பதில்லை. முதல் கோட்டு இன்னும் இளகியிருக்கும்போதே அடுத்தது விழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முழுக்க இறுகிய பிறகு விழுந்தாலும் பாதகமில்லை. நடுவில் இருக்கிற அந்தக் காலம்தான் சுருங்க வைக்கிற காலம். ‘ஒரே மதியத்தில்’ என்று உங்கள் குறிப்பு சொன்னது இந்த வரியிடம்தான் அடிபட்டுப் போகிறது.

மேல் பெயின்ட்டுக்கு வருவோம். பொறுமை இருக்கிறது, அவசரம் இல்லை, மெஷின் எதுவும் இல்லை என்றால் எனாமலும் நல்ல பிரஷ்ஷும் போதும். இதைச் சொன்னால் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனாமலை மினரல் டர்பன்டைன் விட்டுக் கொஞ்சம் இளக்கி (என்.சி. தின்னர் அல்ல, தெரியாமல் அதை ஊற்றினால் திரிந்துபோகும்), மெல்லிசாக இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டு, 600 நம்பர் தாளால் ஈரத்தோடு தேய்த்து, நான்கு கோட்டு அடித்தால் பிரஷ் கோடே தெரியாது. கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் மேலே தோல் கட்டி உள்ளே மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். வெள்ளை எனாமல் நாளாக ஆக மஞ்சள் தட்டும், அதற்கு மருந்து கிடையாது.

சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே கேன் சீக்கிரம் காயும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெத்து. சங்கிலி ஒரு முறை தட்டினால் தெறிக்கும், துடைக்கிற துணியில் தின்னர் வாடை இருந்தாலே கரையும். மேலே ஹார்டனர் சேர்த்த கிளியர் அடித்தால் நிலைமை மாறிவிடும். இப்போது டூ-கே என்று சொல்லும் கேன்கள் வருகின்றன. கேனின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் உள்ளே இருக்கிற ஹார்டனர் குப்பி உடைந்து கலக்கும், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாளைக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், மிச்சம் கேனுக்குள்ளேயே கல்லாகிவிடும். பெட்ரோல் பட்டாலும் அசையாத கடினம் இதில்தான் கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் குறிப்பின் மேல் எனக்கு நிஜமான கோபம். அதில் இருந்த படத்தில் டூ-கே கேன்தான் தெரிந்தது, கீழே ‘மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தது. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரேயாகப் பறக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளியூண்டு பட்டாலும் மூச்சு அடைக்கும். வாடையை வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது, அபாயமான அளவு காற்றில் இருக்கும்போதும் மூக்குக்குத் தெரியாது. வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர்கள் வெளிக்காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் கொண்டுவந்து அடிப்பது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், தொழிலாக இதைக் கையாளுகிறவர்களுக்கே பயிற்சி எடுக்காமல் தொடக்கூடாது என்று சட்டம். துணி எதையும் தடுக்காது. தூசி முகமூடியும் துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. சாதாரண ஸ்ப்ரேக்கே கரி கேட்ரிட்ஜும் முன்னால் துகள் வடிகட்டியும் உள்ள முகமூடி வேண்டும், முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது. டூ-கே விஷயத்தில் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்: கிளியரை மட்டும் வெளியே பெயின்ட் அடிக்கிற இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்வது. பாக்கி எல்லாம் என் கையால். இதில் எனக்கு வெட்கமில்லை.

கேனில் இருந்து பெயின்ட்டைத் தள்ளுகிற வாயு எளிதில் தீப்பிடிக்கும். காற்றை விடக் கனமானதால் தரையோடு படர்ந்து போகும். பக்கத்து அறையில் அடுப்போ, விளக்கோ, தண்ணீர் சூடாக்கும் கேஸ் ஹீட்டரோ எரிந்துகொண்டிருந்தால் அதுவரை போய்ச் சேரும். ஜன்னலைத் திறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் கதவின் அடி இடுக்கை நினைப்பதில்லை.

எத்தனை கேன் வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து பரப்பு கொஞ்சம்தான், ஆனால் குழாய் ஒல்லி என்பதால் அடிக்கிறதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். என் கணக்கில் 400 மில்லி கேன் என்றால் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் இரண்டு. மஞ்சள், சிவப்பு போன்றவை அடியை மறைக்காது. சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் நான்கு கோட்டுக்குப் பிறகும் அழுக்குப் பச்சையாகவே தெரியும், அடியில் வெள்ளை போட்டால்தான் மஞ்சள் மஞ்சளாக இருக்கும். ஒளிரும் நிறங்களுக்கும் அடியில் வெள்ளை வேண்டும், ஆனால் அவை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், யு.வி. தடுப்பு உள்ள கிளியர் கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும். மெட்டாலிக் அழகுதான், ஒரு இடத்தில் தெறித்தால் அந்த இடத்தை மட்டும் அடித்துச் சேர்க்கவே முடியாது, மினுக்குத் துகள் வேறு திசையில் படுத்து, ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். மேட் ஃபினிஷ் அழுக்கை மறைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். சங்கிலி எண்ணெய் பட்ட விரல் அடையாளம் அதில் அப்படியே தங்கும். பளபளப்பான கறுப்பு எல்லாக் கோணலையும் காட்டிக்கொடுக்கும். பழைய காலத்து சைக்கிள்களில் கறுப்பு ஏன் அவ்வளவு அதிகம் என்றால், தார் வகை கலந்து அடுப்பில் சுட்டு இறுக்கிய கறுப்பு எனாமல் மாதிரி உழைக்கிற பூச்சு அப்போது வேறு எளிதில் கிடைக்கவில்லை.

அடிப்பதற்கு முன்னால் ஃபிரேமைத் துடைப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ கிரீஸ் நீக்கியோ நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் கிரீஸைப் பரப்பி வைத்த மாதிரிதான். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். அதே அறையில் சிலிக்கான் உள்ள டயர் பாலிஷோ ஸ்ப்ரேயோ அடித்திருந்தால் தொலைந்தது, பெயின்ட் அங்கங்கே விலகி வட்டவட்டமாக, மீன் கண் மாதிரி குழி விழும்.

மறைக்க வேண்டிய இடங்கள்: பி.பி. மரை, ஹெட் கப் (ஹேண்டில் திரும்பும் பேரிங் கிண்ணம்) உட்காரும் இடம், சீட் குழாயின் உட்புறம், டிஸ்க் பிரேக் மாட்டும் முகம், கியர் கொக்கி உட்காரும் முகம். பாட்டில் ஸ்டாண்ட் துளைகளில் பழைய போல்ட்டைத் திருகிவிட்டால் டேப்பே வேண்டாம். மரையில் பெயின்ட் போனால் திரும்ப மாட்டும்போது அழ வேண்டியிருக்கும். கழற்றும்போதே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான சைக்கிள்களில் பி.பி.யின் வலது பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை, கடிகார முள் போகிற பக்கம் திருகினால்தான் கழலும். பி.பி.க்கு அடியில் குத்தியிருக்கும் சீரியல் நம்பரைப் பட்டி வைத்து மூடாதீர்கள், காணாமல் போனால் அதுதான் சாட்சி. தேய்க்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கிற அன்று காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயின்ட் வெண்மையாகப் பூத்துப்போகும். கேனுக்குள் குண்டு உருள ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். குளிர்ந்திருந்தால் கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம், 50 டிகிரிக்கு மேல் போனால் கேன் வெடிக்கக்கூடும். கிட்டத்தட்ட ஒரு சாண், 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, குழாய்க்கு வெளியே ஆரம்பித்து, குழாயைக் கடந்து வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். குழாயின் மேலேயே நிறுத்தினால் அங்கே வழியும். முதல் கோட்டு பொட்டுப் பொட்டாக, அடிநிறம் தெரிகிற மாதிரி இருக்கட்டும், அடுத்த கோட்டு பிடித்துக்கொள்ள அதுதான் ஏணி. முதலில் குழாய்கள் சேருகிற இடுக்குகளையும் பின் சக்கரம் மாட்டுகிற நுனிகளையும் முடித்துவிட்டு நீளக் குழாய்களுக்கு வாருங்கள், தலைகீழாகச் செய்தால் இடுக்கை அடிக்கும்போது சிதறுகிற தூள் பளபளத்த இடத்தில் சொரசொரப்பாக உட்காரும். ரொம்பத் தள்ளி நின்று அடித்தாலும் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். வழிந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள், விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு 600 தாள் பார்த்துக்கொள்ளும். ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருந்தால் கிளியருக்கு முன்னால்.

பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைப் படியவைத்துச் சுடுவது) பற்றியும் கேட்பார்கள். உழைப்பில் அதுதான் முதலிடம், ஆனால் சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் சுட வேண்டும், ஃபிரேம் நுழைகிற அடுப்பு வேண்டும், வீட்டு வேலை அல்ல. பட்டி வைத்து அடைத்த பள்ளங்கள் அந்தச் சூட்டில் நிற்காது, கார்பனுக்கு ஆகவே ஆகாது. தினமும் மழையிலும் வெயிலிலும் நிற்கிற ஸ்டீல் சைக்கிளுக்கு, கையில் காசும் இருந்தால், இதையே கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

கடைசியாகக் காத்திருப்பது. டூ-கே ஒரு வாரம், எனாமல் மூன்று நான்கு வாரம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூக்கை வைத்துப் பாருங்கள், பெயின்ட் வாடை இருக்கிற வரை தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பி.பி.க்கு அடியில் நகத்தை அழுத்தினால் பிறை விழக்கூடாது. என் இரண்டாவது முயற்சியில் பெயின்ட் கச்சிதமாக வந்தும், பத்தாவது நாளே சீட் கிளாம்ப்பை இறுக்கி, சரியாக அந்த இடத்தில் எனாமல் பிதுங்கி மடிந்துபோனது. இன்றைக்கும் அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது, சீட்டை உயர்த்தும் போதெல்லாம் கட்டைவிரலில் தட்டுப்படும்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிரைமரும் நிறமும் தப்பாகப் போனால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம், நானே செய்திருக்கிறேன். அந்தத் துணி விஷயத்தை மட்டும் வருகிற ஞாயிறு, அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்திப் போடுங்கள். படத்தையும் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்